பங்கிட்ட பாரம்



யுத்த சரித்திரம் எழுதுகிறவர்கள் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சைனியம் எந்த ஆற்றைக் கடந்தது, எந்த நகரம் எந்தத் தேதியில் வீழ்ந்தது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த ஆற்றைக் கடந்த ஒவ்வொருவனும் தன் முதுகில் எத்தனை ராத்தல் எடையைத் தூக்கிக்கொண்டு கடந்தான், அவ்வளவையும் அவன் ஒருவனே தூக்கினானா, அவனுக்காக மற்றவர்கள் எதைத் தூக்கினார்கள், யுத்தம் முடிந்து வீடு திரும்பிய பின் அந்தப் பாரம் யார் தலையில் இறங்கிற்று என்னும் கேள்விகளுக்கு அந்தப் புத்தகங்களில் இடம் குறைவு. இன்று மாலை இக்கேள்விகளைத்தான் தங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பொதுப்படப் பேசினால் பேச்சுக்குக் கால் ஊன்ற இடமிராது என்பதால், ஒரு யுத்தத்தையும் ஓர் இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன். வியட்நாமின் நடுப்பகுதியில் கடலை ஒட்டிக் கிடக்கும் குவாங் ஙாய் மாகாணத்தில், 1969-ஆம் ஆண்டையொட்டி, வயல் வரப்புகளிலும் மலைக்காடுகளிலும் நடந்து திரிந்த அமெரிக்கக் காலாட்படையின் பிளாட்டூன்களே என் விஷயம்.

கால்நடையாகப் போர்புரிகிறவன் அளவுக்கு மீறிச் சுமக்கிறான் என்பது புதிய செய்தியன்று. கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் மாரியஸ் என்னும் ரோமானியத் தளபதி, வீரர்களின் தட்டுமுட்டுகளை அவர்கள் முதுகிலேயே ஏற்றிவிட, அவர்களுக்கு மாரியஸின் கோவேறு கழுதைகள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1916 ஜூலை முதல் தேதியன்று பிரான்ஸ் தேசத்தில் சோம் நதிப் பிரதேசத்தில் பதுங்குகுழியை விட்டு மேலேறிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் ஏறக்குறைய 66 ராத்தல், அதாவது 30 கிலோ, சுமந்திருந்தார்கள். அந்த ஒரே பகலில் 19,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில், உப்புநீரில் ஊறிக் கனத்த மூட்டைகளோடு கரையேற மாட்டாமல் தவித்தவர்களைப் பற்றி விசாரித்தறிந்த எஸ். எல். ஏ. மார்ஷல் என்னும் அமெரிக்கப் படைச் சரித்திர ஆசிரியர், 1950-இல் சிப்பாயின் சுமையைப் பற்றியே தனிப் புத்தகம் ஒன்று எழுதினார். களைத்தவன் எளிதில் பயப்படுகிறான், பயந்தவன் எளிதில் களைக்கிறான், ஆகவே அதிகப்படியான ஒவ்வொரு ராத்தலும் அவனுடைய தைரியத்திலிருந்து பறிக்கப்படுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அப்புத்தகம் வெளிவந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1965 மார்ச்சில் தா நாங் கடற்கரையில் இறங்கிய சைனியத்தின் மூட்டை சிறிதும் குறைந்திருக்கவில்லை.

பிளாட்டூன் என்பது விதிப்படி சுமார் நாற்பது பேர் கொண்ட அணி. காயம், மலேரியா, விடுப்பு, மரணம் எல்லாம் போக, காட்டில் உண்மையாக நடந்தவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து முப்பது பேர்தான். தலைமை தாங்கும் லெப்டினன்டுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அனுபவம் மிகுந்த சார்ஜன்ட் ஒருவர் அவருக்குத் துணை. மற்றவர்களில் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு, எப்படியும் பிடிக்கப்படுவோம் என்று எண்ணித் தாமாகவே கையெழுத்திட்டவர்களும் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவனுக்குத் தவணை கிடைத்தபடியால், இந்த அணிகளில் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகளும் சிறுவிவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளும் நீக்ரோ ஜாதியார் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். 1969 டிசம்பர் முதல் தேதியன்று, வருஷத்தின் 366 நாட்களையும் தனித்தனிக் குப்பிகளில் இட்டுக் குலுக்கி, எந்தத் தேதியில் பிறந்தவன் முதலில் பட்டாளத்துக்குப் போவது என்று தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கச் சீட்டெடுத்தார்கள்.

இனி அந்தச் சுமையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தலையில் இரும்புத் தொப்பி, உள்ளுறையோடு சுமார் மூன்று ராத்தல். முகம் கழுவும் பாத்திரமும் உட்காரும் மணையும் அதுவே. கையில் எம்-16 துப்பாக்கி, தோட்டாக் கூட்டோடு ஏழரை ராத்தல். இடுப்பிலும் மார்பிலும் வேறு தோட்டாக் கூடுகள், கையெறி குண்டுகள். இரவில் தங்குமிடத்தைச் சுற்றி வைப்பதற்குக் கிளேமோர் என்னும் வெடி, மூன்றரை ராத்தல். மழைக்குப் போர்த்தவும் தரையில் விரிக்கவும் கூரையாகக் கட்டவும் பயன்படும் பாஞ்சோ. கழுத்தைச் சுற்றிப் பச்சைத் துண்டு ஒன்று. வியர்வை துடைப்பதைக் காட்டிலும், மூட்டையின் வார் தோளை அறுக்காமல் இடையில் திணித்துக்கொள்வதுதான் அதன் முக்கியமான உபயோகம். தண்ணீரோ எல்லாவற்றிலும் பெரிய பாரம். ஒரு லிட்டருக்குச் சற்றே குறைந்த குடுவை ஒவ்வொன்றும் இரண்டு ராத்தலுக்கு மேல். வெயிற்காலத்தில் ஒருவன் ஐந்தாறு குடுவைகள் சுமந்தான். வயற்குளத்தில் மொண்ட நீரில் அயோடின் மாத்திரையைப் போட்டு, அந்த நாற்றம் மறைய, தாயார் கடிதத்தோடு அனுப்பிய பழச்சுவைத் தூளைக் கரைத்துக் குடித்தான்.

உணவு தகர டப்பாக்களில் வந்தது. பன்றியிறைச்சியும் மொச்சையும் கலந்த டப்பாவை யாவரும் வெறுத்தார்கள். பீச் பழமும் கேக்கும் அடங்கிய டப்பாக்களுக்கு நாணயம்போல் மதிப்பு. டப்பாக்களை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து மூட்டையின் பின்புறம் கட்டித் தொங்கவிட்டால் நடக்கும்போது தகரம் தகரத்தோடு மோதிச் சத்தம் எழாது என்பதை முன்னே போனவன் பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். அடையாளத் தகடுகள் இரண்டையும் கறுப்பு நாடாவால் சேர்த்து ஒட்டியதும், அவற்றில் ஒன்றைப் பூட்ஸின் கயிற்றில் கோத்துக்கொண்டதும் அவ்வாறே கற்ற பாடங்கள். முதலாவது, சத்தம் எழாதிருக்க. இரண்டாவது, உடல் எந்த நிலையில் கிடைத்தாலும் பெயர் தெரிவதற்கு. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், காலையில் பூட்ஸ் கயிற்றை இறுக்கும்போதெல்லாம் அந்தத் தகட்டைத் தொட்டுக்கொண்டே இறுக்கினான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு ஒவ்வொருவனும் 60, 70 ராத்தல் சுமந்தான். ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம் இந்த எடையைவிட அதன் பங்கீடு. எம்-60 என்னும் இயந்திரத் துப்பாக்கி மட்டுமே 23 ராத்தல். அது உண்ணும் தோட்டா மாலை நூறு தோட்டாக்கொன்று ஏறக்குறைய ஏழு ராத்தல். அதைத் தூக்குகிறவன் தன் இயந்திரத்துக்கு வேண்டிய தீனி முழுவதையும் தானே தூக்க முடியாது. ஆகவே அணியில் ஒவ்வொருவனும், தன் துப்பாக்கிக்குப் பொருந்தாத அந்தத் தோட்டாக்களை மாலையாகப் போட்டுக்கொண்டோ பெட்டியில் இட்டுக்கொண்டோ நடந்தான். சிறு பீரங்கி உடன்வந்தால் அதன் குண்டுகளும் ஆளுக்கொன்றாகப் பிரிக்கப்பட்டன. இரவு வந்தால் மூவர் ஒரு குழியில் இறங்கினார்கள். ஒருவன் விழித்திருக்க இருவர் உறங்கினார்கள். தூக்கமும் அங்கே பங்கிடப்பட்ட பண்டம். ஒருவன் அடிபட்டு வீழ்ந்தால் அவனுடைய குடுவையும் குண்டும் உணவும் அந்த நிமிஷமே மற்றவர்கள் மூட்டைக்கு மாறின. அவனுடைய உடலை அவனுடைய பாஞ்சோவிலேயே இட்டு நால்வர் நான்கு மூலையைப் பிடித்து, ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய வெளிவரையில், சேற்றில் முழங்கால் புதையத் தூக்கிச் சென்றார்கள். வெவ்வேறு ஊரும் நிறமும் கல்வியும் உள்ள, சொந்த தேசத்தில் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டாத இம்மனிதர்களுக்குள் உண்டான பாசத்தைப் பற்றிப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இந்தச் சாதாரணமான ஏற்பாடுதான் என்று நான் நினைக்கிறேன். என் உயிருக்கு வேண்டியதை நீ தூக்குகிறாய், உன் உயிருக்கு வேண்டியதை நான் தூக்குகிறேன் என்பதைவிட நெருங்கிய உறவு இரத்த சம்பந்தத்தில்கூட அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

சிலருடைய பாரம் பங்கிட முடியாதது. ரேடியோ தூக்குகிறவன் தன் மூட்டைக்கு மேலாக 23 ராத்தலுக்குக் குறையாத கருவியைச் சுமந்தான். மேலே நீண்டு நிற்கும் அதன் கம்பி, மறைந்திருந்து குறிபார்ப்பவனுக்கு, அதிகாரி இவன் பக்கத்தில் இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது. முன்னால் நடப்பவன் ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தான். அப்பிரதேசத்தில் எதிரியின் துப்பாக்கியைவிடத் தரையில் புதைந்த கண்ணிவெடியே அதிகம் அஞ்சப்பட்டது. வைத்தியப் பையன்—எல்லோரும் அவனை ‘டாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள்—கட்டுத்துணியும் மார்பியா ஊசியும் இரத்தச்சாறு டப்பாவும் சுமந்தான். சில வாரப் பயிற்சிதான் அவனுக்குக் கிடைத்தது. யாரோ அலறினால் மற்றவர்கள் தரையோடு தரையாகப் படுத்த நேரத்தில் அவன் எழுந்து ஓட வேண்டும். நிறுத்த முடியாத இரத்தத்தைக் கைகளால் அழுத்திக்கொண்டு, பிழைத்துவிடுவாய் என்று பொய் சொல்லவும் வேண்டும்.

லெப்டினன்டின் மூட்டையில் தேசப்படமும் திசைகாட்டியும் சங்கேதக் குறிப்பேடும் இருந்தன. எடை சில அவுன்சுதான். யாரை முன்னே அனுப்புவது என்று நாள்தோறும் ஒரு பெயரைச் சொல்லவேண்டிய கடமை மாத்திரம் எந்தத் தராசுக்கும் அடங்காதது. பாசறையில் உறக்கம் வராமல், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைந்து கிடக்கும் அரசன் ஒருவனை நம் முல்லைப்பாட்டு காட்டுகிறது. அவன் வென்ற அரசன், அவனுக்காகக் காத்திருக்கும் அரண்மனை உண்டு. இந்த இளைஞருக்கு இருந்தது, சேறு நிரம்பிய குழியும், மறுநாள் காலையில் சொல்லவேண்டிய அடுத்த பெயரும். மேலும் அதிகாரிகளை ஆறு மாதத்துக்கொருமுறை போர்முனையிலிருந்து மாற்றிவிடும் வழக்கம் இருந்தபடியால், அவர் தம் அணியைச் சரியாக அறிந்துகொண்ட சமயத்தில் அவரை எடுத்துக்கொண்டு வேறொரு புதியவரை அனுப்பினார்கள். புதியவர் கற்றுக்கொள்ளும் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் சிப்பாய்கள்.

அரசாங்கம் கொடுக்காத பொருள்களும் மூட்டையில் உண்டு. கடிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதும் கடிதத்துக்குத் தபால்தலை தேவையில்லை. தலை ஒட்டும் மூலையில் இலவசம் என்று கையால் எழுதினால் போதும். தொப்பியின் துணியுறையில் பன்னிரண்டு மாதங்களின் பெயர்களையும் வரிசையாக எழுதி, கழிந்த மாதத்தை அடித்துக்கொண்டு வந்தார்கள். இதே மாகாணத்தில் சிப்பாயாக நடந்த டிம் ஓப்ரையன், இத்தகைய பொருள்களின் ஜாபிதாவையே கதையின் எலும்புக்கூடாக வைத்து 1990-இல் வெளியிட்ட நூல், இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பாடமாக வாசிக்கப்படுகிறது. நண்பர்கள் அதைத் தேடிப் படிக்கும்படி வேண்டுகிறேன். அதிலுள்ளதை இங்கே திருப்பிச் சொல்ல நான் முற்படவில்லை.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, சிப்பாய் என்றால் இரங்கத்தக்கவன் மட்டுமே என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அதே குவாங் ஙாய் மாகாணத்தில், 1968 மார்ச் 16-ஆம் தேதி காலையில், மை லாய் என்று உலகம் அறிந்த குடியிருப்பில், ஆயுதமில்லாத கிழவர்களையும் பெண்களையும் கைக்குழந்தைகளையும் சுட்டுக் குவித்தவர்களும் இத்தகைய பிளாட்டூனைச் சேர்ந்தவர்களே. அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்ட இறந்தோர் தொகை 504. பாரத்தைப் பகிர்ந்து இலேசாக்கும் அதே கூட்டுறவு, பாபத்தையும் பகிர்ந்து இலேசாக்கிக் காட்ட வல்லது. பக்கத்தில் இருப்பவனும் செய்கிறான், உத்தரவு கொடுத்தவர் லெப்டினன்ட், அவருக்கு மேல் காப்டன் என்று ஒவ்வொருவனும் தன் பங்கை அடுத்தவன்மேல் இறக்கிவைத்தான். சுட மறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஹியூ தாம்ஸன் என்னும் விமானி தம் ஹெலிகாப்டரைச் சிப்பாய்களுக்கும் ஓடி ஒளிந்த கிராமத்தார்க்கும் நடுவே இறக்கி நின்று சிலரைக் காப்பாற்றினார். அந்தக் கொலைக்காகக் கடைசியில் தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர் அங்கே பிளாட்டூனுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் காலி ஒருவர் மாத்திரம். மற்றவர்கள்மேல் சட்டம் எதையும் ஏற்றவில்லை. மனச்சாட்சி உள்ளவர்கள் தாங்களே ஏற்றிக்கொண்டு வயோதிகம் வரையில் சுமந்தார்கள். யுத்தத்தில் தனக்கு நேர்ந்ததை மாத்திரமல்ல, தான் செய்ததையும் சிப்பாய் சுமக்கிறான் என்பதையும், அந்த வயல்களின் சொந்தக்காரர்கள் தாங்கியதோடு ஒப்பிட்டால் இவர்கள் பாரம் சிறிது என்பதையும் மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது தர்மமாகாது.

நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்க அரசாங்கம் இந்த யுத்தத்தில் ஒரு விதி செய்திருந்தது. தரைப்படைச் சிப்பாய் பன்னிரண்டு மாதம், மரீன் படைவீரன் பதின்மூன்று மாதம் பணிசெய்தால் போதும்; குறித்த தேதி வந்ததும் வீடு திரும்பலாம். கருணையோடு செய்யப்பட்ட விதி அது. முடிவே தெரியாமல் போரில் கிடந்து மனம் முறிந்துபோனவர்களை இரண்டாம் உலக யுத்தத்தில் பார்த்த அனுபவத்தால் பிறந்தது. ஆனால் அந்தத் தேதி ஒவ்வொருவனுக்கும் வேறுவேறு. அணி அணியாக அல்லாமல் ஆள் ஆளாகவே அவர்கள் வந்தார்கள், ஆள் ஆளாகவே போனார்கள். புதிதாக வந்தவனிடம் பழையவர்கள் ஒட்டவில்லை. எதையும் அறியாதவன் அருகில் நிற்பதே அபாயம், பழகிய பின் இறந்துபோனால் துக்கம். நாள் நெருங்கியவனோ ஒவ்வொரு புதரையும் கண்டு நடுங்கினான். பிறகு ஒருநாள் காலை, உணவு கொண்டுவந்த ஹெலிகாப்டரிலேயே அவன் ஏறிக்கொள்ள, மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார்கள். அன்று மாலை அவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பலருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியவில்லை.

அங்கிருந்து பிரயாணிகள் விமானம், உபசரிக்கும் பெண்கள், கலிபோர்னியாவில் புதிய உடுப்பு, இறைச்சித் துண்டோடு ஒரு விருந்துச் சாப்பாடு, கையெழுத்திடச் சில காகிதங்கள். காட்டில் குழியில் படுத்திருந்தவன் இரண்டு மூன்று நாட்களுக்குள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். நகத்துக்குள் இருந்த செம்மண்கூடப் போயிருக்காது. முந்திய உலக யுத்தத்தில் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர், சண்டை ஓய்ந்த பின் மாதக்கணக்கில் சேர்ந்திருந்து, கப்பலின் மேல்தளத்தில் வாரக்கணக்கில் சேர்ந்து பிரயாணம் செய்து, செத்தவர்களைப் பற்றிப் பேசியும் சிரித்தும் அழுதும், பாதிப் பாரத்தைக் கடலிலேயே கரைத்துவிட்டு வந்தார்கள். வியட்நாமிலிருந்து வந்தவனுக்கோ பக்கத்து ஆசனத்தில் அறிமுகமில்லாத ஒருவன். முப்பது பேர் சேர்ந்து தூக்கிய மூட்டை, விமானத்தின் கதவு மூடியவுடனே, ஒருவன் தலையில் முழுவதுமாக இறங்கிற்று. அவனை முறித்தது அதன் எடையைவிட, அதன் மறுபக்கத்தைப் பிடிக்க ஆளில்லாமை என்பதுதான் என் அபிப்பிராயம்.

இதை முதலில் உணர்ந்தவர்களும் திரும்பிவந்த சிப்பாய்களே. 1970-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரில் அவர்களிற் சிலர் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிப்டன், ஹைம் ஷாட்டன் என்னும் மனோவைத்தியர் இருவர் அவர்களோடு உட்கார்ந்தார்கள். மேஜைக்கு அப்புறம் இருந்து குறிப்பெழுதும் வைத்தியராக இல்லாமல் வட்டத்தில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது அங்கே நியதி. 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்கள் வாஷிங்டனில் கூடி, தாங்கள் பெற்ற பதக்கங்களை ஒவ்வொருவராக வந்து நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வீசியெறிந்தார்கள். அந்தச் சிறுசிறு வட்டங்களில் பேசப்பட்டவை வைத்திய சாஸ்திரத்தை அசைத்தன. இரவில் அலறி எழுவதையும், காரணமில்லாமல் சீறுவதையும், உயிரோடிருந்தும் மரத்துப்போவதையும் முந்திய யுத்தங்களில் கோழைத்தனம் என்றும் குண்டதிர்ச்சி என்றும் பலவாறு சொன்னார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் அதற்கு முறையான இடம் கொடுத்தது. 1988-இல் முடிந்த விரிவான தேசிய ஆய்வு ஒன்று, வியட்நாமில் பணிசெய்த ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அந்நோய் அப்போதும் இருந்தது என்றும், ஏதேனும் ஒரு காலத்தில் அதற்கு ஆட்பட்டவர்கள் நூற்றுக்கு முப்பது பேர் என்றும் கண்டது.

அந்த யுத்தத்தில் மாண்ட அமெரிக்கர்களின் நினைவாக 1982 நவம்பரில் வாஷிங்டனில் திறக்கப்பட்ட கறுப்புக் கல் சுவரைத் தாங்கள் அறிவீர்கள். அதன் வடிவத்தை வகுத்தபோது மாயா லின் கல்லூரி மாணவி. இறந்த 58,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை அகராதி முறையில் பொறிக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது, இறந்த நாளின் வரிசையிலேயே பொறிக்க வேண்டும் என்று அந்தப் பெண் உறுதியாக நின்றாள். அதனால் ஒரே நாளில் ஒரே வயலில் வீழ்ந்த தோழர்கள் அந்தக் கல்லில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பிழைத்தவன் வந்து தன் நாளைத் தேடினால் தன் அணியையே காண்கிறான். இதைவிடக் கூர்ந்த அறிவோடு அமைந்த போர் நினைவுச் சின்னத்தை நான் அறியேன்.

அந்தச் சுவரின் அடியில் ஜனங்கள் பொருள்களை வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பூட்ஸ், கடிதம், உணவு டப்பா, டப்பா திறக்கும் சிறு தகடு, பதக்கம். பூங்கா இலாகா அவற்றைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தியது. இதுவரை நான்கு இலட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. 1989-இல் அங்கே வைக்கப்பட்டது ஒரு சிறிய புகைப்படம்: வியட்நாமியப் போர்வீரன் ஒருவன், பக்கத்தில் சடை போட்ட சிறு பெண். 1967-இல் காட்டுப்பாதையில் அவனை நேருக்கு நேர் சந்தித்துச் சுட்டுக்கொன்ற அமெரிக்கனுக்கு அப்போது வயது பதினெட்டு. இறந்தவனுடைய பணப்பையில் இருந்த அந்தப் படத்தை எடுத்துத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டு, கல்யாணம் செய்து, பெண் குழந்தைகளைப் பெற்று, இருபத்திரண்டு ஆண்டுகள் அதை வைத்திருந்தான். தாங்க முடியாமல், இறந்தவனுக்கே ஒரு கடிதம் எழுதிப் படத்தோடு சுவரடியில் வைத்துவிட்டு வந்தான். விதி அவனை விடவில்லை. அங்கு வைக்கப்பட்ட பொருள்களைப் பற்றிய நூல் ஒன்றில் அதே படம் அச்சாகி மீண்டும் அவன் கண்முன் வந்தது. இது கல்லுக்குக் கொடுக்கவேண்டிய பொருளன்று, அந்தச் சிறு பெண்ணுக்குக் கொடுக்கவேண்டியது என்று அவனுக்கு அப்போது விளங்கிற்று. வியட்நாமியப் பத்திரிகையின் உதவியால் அவள் இருப்பிடம் தெரிந்து, 2000-ஆம் ஆண்டில் அவளுடைய கிராமத்துக்குச் சென்று படத்தை அவள் கையில் கொடுத்தான். நாற்பது வயது நிரம்பிய அந்த மாது, தகப்பனைக் கொன்றவனைத் தழுவிக்கொண்டு அழுதாள்.

அந்தத் தகப்பன் எதைச் சுமந்து வந்திருப்பான் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. வடக்கிலிருந்து மலைத்தொடர் வழியாகத் தெற்கே வர அவனைப் போன்ற வீரர்களுக்கு மாதக்கணக்காயிற்று. தோளின் குறுக்கே நீண்ட துணிக்குழாயில் அரிசி. முதுகில் தூளியும் குண்டுகளும். காலில் பழைய டயரை அறுத்துச் செய்த செருப்பு. ஹோ சி மின் பாதை என்று பெயர்பெற்ற அவ்வழியில் சைக்கிளின் கைப்பிடியோடு மூங்கிலைக் கட்டி, ஏறி மிதிக்காமல் பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டே, சைக்கிளுக்கு இருநூறு கிலோ வரையில் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்து பள்ளமான சாலையைத் தூர்ப்பதற்கு இளம்பெண்கள் கூடையும் மண்வெட்டியும் சுமந்தார்கள். 1968 ஜூலை 24-ஆம் தேதி டோங் லோக் சந்திப்பில் அவ்வாறு மண் போட்டுக்கொண்டிருந்த பத்துப் பெண்கள் ஒரே குண்டுவீச்சில் மாண்டார்கள். இவர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தவணை கிடையாது. வெல்லும் வரையில், அல்லது சாகும் வரையில். பாவ் நின் என்னும் நாவலாசிரியர் 1969-இல் சேர்ந்த இளைஞர் படையணியில் ஐந்நூறு பேர். பிழைத்தவர்கள் பத்துப் பேர். யுத்தம் முடிந்த பின்னும் அவர் சில மாதங்கள் காடுகளில் தங்கி, இறந்த தோழர்களின் எலும்புகளைத் தேடியெடுக்கும் வேலை செய்தார்.

1970 ஜூனில் அதே குவாங் ஙாய் மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட டாங் துய் ட்ராம் என்னும் இளம் பெண் வைத்தியரின் நாட்குறிப்பு அமெரிக்கர் கையில் சிக்கியது. பயனில்லாத காகிதங்களை எரிக்கவேண்டியது பிரெட் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் உளவுத்துறைச் சிப்பாயின் வேலை. இதை எரிக்காதே என்று உடனிருந்த வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் தடுத்தார். உத்தரவை மீறி ஒயிட்ஹர்ஸ்ட் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முப்பத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து, 2005-இல் ஹனோயில் வாழ்ந்த அவளுடைய தாயாரைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பிரதியைச் சேர்ப்பித்தார். அவ்வருஷமே அது அச்சாகி, அந்த யுத்தத்துக்குப் பின் பிறந்த வியட்நாமிய இளைஞர் இலட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள்.

இப்படித் தனித்தனியே நடந்ததை ஒழுங்கான பணியாகச் செய்ய முற்பட்டது, வியட்நாமில் பணிபுரிந்த அமெரிக்கரின் சங்கம் ஒன்று. 1994 முதல் அதன் அங்கத்தினர்கள், எதிரிகளைத் தாங்கள் எங்கே புதைத்தோம் என்பதைக் காட்டும் பழைய படங்களையும் குறிப்புகளையும், இறந்தவர்களின் பையிலிருந்து எடுத்துவந்த கடிதங்களையும், பரண்களிலிருந்து இறக்கி வியட்நாமிய அரசாங்கத்திடம் ஒப்படைத்து வருகிறார்கள். சைகோனுக்கு அருகே பியென் ஹோவா விமானத் தளத்தில், 1968-ஆம் ஆண்டு புத்தாண்டுத் தாக்குதலில் இறந்த வியட்நாமிய வீரர்களை மொத்தமாகப் புதைத்த குழி, அங்கே பணிசெய்த அமெரிக்கர் தந்த தகவலைக்கொண்டு 2017-இல் தோண்டி எடுக்கப்பட்டது. எலும்புகளோடு டயர்ச் செருப்புகளும் கிடைத்தன. அந்த நாட்டில் இன்னும் இடம் தெரியாமலும் பெயர் தெரியாமலும் கிடக்கும் வீரர்கள் சில இலட்சம் பேர். அவர்களைப் புதைத்த இடம் நினைவில் உள்ள அமெரிக்கர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இரு நாட்டாரும் விரைந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.